பாதைக்கல்

எங்கள் தெருவில் இன்றைக்கும் கல்யாண விருந்து என்றால் சாமியானாவுக்கு அடியில்தான் பந்தி. மண்டபம் இருக்கிறது, மேடை இருக்கிறது, மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரச் சிவப்பு நாற்காலி இருக்கிறது. சாப்பிடுவதற்கு மட்டும் கூடம் கிடையாது. வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள், "இம்புட்டுப் பெரிய மண்டபத்தக் கட்டிட்டுப் பந்திக்கு ஒரு கொட்டகை போடலயாக்கும்?" என்று கேட்பார்கள். தெருக்காரர்கள் என் பக்கம் கையைக் காட்டிவிட்டு நழுவிவிடுவார்கள். நானும் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விடுவேன். பந்தியில் நின்று சொல்லி முடிகிற விஷயமில்லை அது.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு கல் குவாரி. அதன் வாசலில் லாரிகளை எடை போடும் வே பிரிட்ஜ். அதை ஒட்டிய கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவள் நான். என் அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தும் களை வெட்டியும் என்னை காமர்ஸ் படிக்க வைத்தார்கள். படித்த படிப்புக்குக் கிடைத்தது இந்தக் கூண்டு. குறை ஒன்றும் இல்லை. மின்விசிறி உண்டு, யாரிடமும் குனிந்து நிற்க வேண்டியதில்லை, எடை கூடிய லாரியைத் திருப்பி அனுப்பும் அதிகாரமும் உண்டு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று டிரைவர்கள் எல்லோருக்கும் தெரியும். "அக்கா இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று வாட்ச்மேனிடம் விசாரித்துவிட்டுத்தான் வண்டியை மேடையில் ஏற்றுவார்கள்.

குவாரி நிலம் முதலாளிக்கு அவருடைய தகப்பன் வழியில் வந்தது. பக்கத்து ஊரில் விவசாயம் பார்க்கும் சம்சாரிக் குடும்பம். சுற்றிலும் அவர்களுக்குக் கரிசல் காடு இருந்தாலும் இந்த இடம் மட்டும் வெறும் பாறையும் உடை என்கிற முள்மரமும் சூரை முள்ளுமாகக் கிடந்தது. விதைத்தால் விதைகூடத் திரும்பி வராது. மனிதருக்கு உபயோகம் இல்லை என்பதால் மற்றவை எல்லாம் அங்கே குடியிருந்தன. புள்ளிமான், முயல், மயில், உடும்பு, எப்போதாவது நரி. பிறகு கல்லுக்கு விலை வந்தது. பாறையை உடைத்தோம், ஜல்லியாக்கினோம், அந்த ஜல்லியில் ரோடு போட்டார்கள், அந்த ரோட்டில்தான் இப்போது நானும் வண்டி ஓட்டுகிறேன். அங்கே குடியிருந்தவற்றை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கூண்டுக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது.

குவாரி என்றால் என்ன, மலையைக் குடைவதா என்று டவுனில் இருப்பவர்கள் கேட்பார்கள். எங்கள் பக்கம் மலை ஏது? தரையிலிருந்து கீழே போவதுதான். பெரிய சதுரக் கிணறு மாதிரி குழி இறங்கிக்கொண்டே போகும். பக்கச் சுவர்கள் செங்குத்தாக நிற்கும். ஒரு பக்கத்தில் மட்டும் லாரி இறங்கி ஏறுவதற்குச் சரிவாக ஒரு பாதையை விட்டு வைப்பார்கள். அந்தப் பாதையும் பாறைதான், நல்ல கல். குழியில் எடுக்க வேண்டியதை எல்லாம் எடுத்து முடித்த பிறகு, கடைசியாக அந்தப் பாதையையும் உடைத்து எடுப்பார்கள். பொக்லைன் வண்டி அடியிலிருந்து ஆரம்பித்து, தான் நிற்கும் பாதையையே அள்ளிக்கொண்டு பின்வாங்கிப் பின்வாங்கி மேலே ஏறிவரும். வண்டி தரைக்கு வந்து சேர்ந்ததும் கீழே இறங்க வழியே இருக்காது.

எங்கள் குவாரியில் இந்தப் பாதைக்கல்லுக்கு ஒரு வழக்கம் உண்டு. அது முதலாளிக்குச் சேராது. குழியில் வேலை செய்தவர்களுக்குச் சேரும். வேலை செய்தவர்கள் பெரும்பாலும் எங்கள் தெருக்காரர்கள். அதனால் அது தெருவின் கல். முதல் குழியை வெட்ட ஆரம்பித்த அன்றைக்கே பூசை போட்டு, கற்பூரத்தின் மேல் கையை வைத்து முதலாளி கொடுத்த வாக்கு அது. அவரைப் பற்றி எனக்கு எத்தனையோ புகார் உண்டு, ஆனால் அந்த வாக்கை அவர் ஒருநாளும் மறந்ததில்லை.

முதல் குழியின் பாதைக்கல்லில்தான் எங்கள் தெரு மண்டபம் எழுந்தது. அதற்கு முன்னால் எங்கள் கல்யாணங்கள் வீட்டு வாசலிலும் தெரு முக்கிலும் நடக்கும். ஊருக்குள் ஒரு மண்டபம் இருந்தது. கேட்டால் அன்றைக்கு என்று பார்த்து அது எப்போதும் யாருக்காவது கொடுக்கப்பட்டிருக்கும். ஏன் என்று யாரும் விளக்கிச் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. எங்கள் கல்லில் எங்கள் மண்டபம் எழுந்தபோது பெரியவர்கள் சுவரைத் தடவிப் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பாதையை உடைத்து எடுத்த பொக்லைன் டிரைவர் ஒரு இளவட்டம். கடைசி அடி வரை சரியாமல் வண்டியை ஏற்றிக்கொண்டு வந்ததற்கு மேஸ்திரி அவருக்குத் துண்டு போர்த்தினார். கூட்டத்தில் நின்ற என் அப்பாவுக்கு அந்தத் துண்டும் பிடித்துப்போனது, துண்டுக்குள் இருந்த ஆளும் பிடித்துப்போனது. அந்த மண்டபத்தில்தான் எங்கள் கல்யாணம் நடந்தது.

ஆகவே பாதைக்கல்லைப் பற்றி நான் பேச வாயெடுத்தால், "ஒன் தாலியே அந்தக் கல்லுல வந்ததுதான்டி" என்று என் மாமியார் ஒரே போடாகப் போடுவார். அவர் சொல்வதும் நிஜம்தான்.

முடிந்த குழியைச் சுற்றி வேலி போட வேண்டும் என்பது அரசாங்க நிபந்தனை. எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த வேலி ஒன்றே ஒன்றுதான். காட்டுக்குப் போடுகிற மாதிரி சீமைக்கருவேல முள்ளை வெட்டி, குழியின் விளிம்பை ஒட்டி வரிசையாக அடுக்கினார்கள். உயரமாக, நெருக்கமாக, பார்க்க அழகாகவே இருந்தது. வந்து பார்த்த அதிகாரிகளுக்கும் திருப்தி. மழை பெய்து குழி பாதிக்கு மேல் நிறைந்தது. கண்மாய் வற்றிய நாட்களிலும் அங்கே மட்டும் பச்சையாகத் தண்ணீர் கிடந்தது.

ஒரு காலையில் கூண்டைத் திறந்து கணினிக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தேன். நாய்கள் துரத்த, ஒரு மான் பொட்டலைக் கடந்து ஓடி வந்தது. பருத்திக் காட்டு வேலிகளை எத்தனையோ முறை தாண்டிப் பழகிய மான். முள்வேலி கண்ணில் பட்டதும் துளியும் தயங்காமல் எம்பித் தாண்டியது. காட்டு வேலி என்றால் அந்தப் பக்கம் மண் இருக்கும். இங்கே இல்லை.

ஓடிப்போய்ப் பார்த்தேன். கீழே தண்ணீரில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு சுவரோரமாக நீந்தியது. ஒரு மூலைக்குப் போகும், முன்னங்காலைச் சுவரில் வைக்கும், வழுக்கும், அடுத்த மூலைக்குப் போகும். வழி எங்கேயாவது இருக்கும் என்று நம்பி அது சுற்றிச் சுற்றி வந்தது. வழி இருந்த இடம் எது என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் துண்டு வாங்கிய இடம். அவரே பொக்லைனைக் கொண்டுவந்து விளிம்பில் நிறுத்திக் கையை நீட்டிப் பார்த்தார். தண்ணீருக்கு வெகு மேலேயே நின்றுவிட்டது. கயிற்றைப் போட்டார்கள். மானுக்குக் கயிறு என்ன தெரியும்? தீயணைப்பு வண்டி டவுனிலிருந்து வந்து சேர்ந்தபோது தண்ணீர் அசையாமல் கிடந்தது. வந்தவர்கள் உடம்பை மட்டும் எடுத்துக் கொடுத்தார்கள். நான் அழுதேன். லாரிகள் வரிசையில் நின்று ஹாரன் அடித்தன, எழுந்து போய் எல்லோரையும் திட்டினேன், திரும்ப வந்து மறுபடியும் அழுதேன்.

அதே வருடக் கோடையில் இரண்டாவது குழியில் வேறொன்றைப் பார்த்தோம். அப்போது அங்கே வேலை நடந்துகொண்டிருந்தது. அடியில் ஒரு மூலையில் ஊற்றுத் தண்ணீர் தேங்கும், மோட்டார் வைத்து இறைப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்கு மோட்டார், கம்ப்ரசர், பொக்லைன் எல்லாம் நிற்கும். சத்தம் அடங்கினதும் லாரிப் பாதை வழியாக ஒரு பெட்டைமான் இறங்கி வந்தது. நடுப்பாதையில், அவசரம் இல்லாமல், லோடு ஏற்ற வந்த வண்டி மாதிரியே இறங்கியது. மூலையில் தண்ணீர் குடித்துவிட்டு அதே வழியில் ஏறிப் போனது. மறுநாளும் வந்தது. பிறகு கூட இரண்டு மூன்றைக் கூட்டிக்கொண்டு வந்தது. டிரைவர்களுக்கும் பழகிவிட்டது. சாப்பாடு முடிந்து வண்டியை எடுக்கப் போகிறவர்கள், பாதையில் மான் நின்றால் ஹாரன் அடிக்காமல் காத்திருப்பார்கள். என்னிடம் ஒரு நிமிஷம் பொறுக்காதவர்கள், மானிடம் அவ்வளவு பொறுமை!

எனக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. இரண்டு குழியிலும் ஆழம் உண்டு, செங்குத்துச் சுவர் உண்டு, தண்ணீர் உண்டு. ஒன்றில் பாதை இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. ஒன்று தண்ணீர்த் தொட்டி, இன்னொன்று சவக்குழி.

இரண்டாவது குழியின் ஆழம் முடியும் நாளும் வந்தது. இந்தப் பாதைக்கல்லில் என்ன செய்வது என்று தெரு ஏற்கெனவே பேசி முடித்திருந்தது. மண்டபத்துக்குப் பின்னால் பந்திக் கூடம். என் நாத்தனாருக்கு, அதாவது வீட்டுக்காரரின் தங்கைக்கு, ஐப்பசியில் கல்யாணம். அருப்புக்கோட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் பிள்ளை அவள். மாப்பிள்ளை வீடு மதுரைப் பக்கம். தன் மகளுடைய கல்யாணப் பந்திதான் புதுக் கூடத்தின் முதல் பந்தி என்று என் மாமியார் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிவைத்திருந்தார். அந்தக் கூடத்துக்கு ஆசைப்படாத பெண் எங்கள் தெருவில் இல்லை. வெயிலில் உட்கார்ந்து ரசம் குடித்தவர்களுக்குத்தான் கூரையின் அருமை தெரியும்.

நான் முதலில் போய் நின்றது முதலாளியிடம். "மொதலாளி, பாதையை விட்டுறச் சொல்லுங்க. மானு எறங்கி ஏறுது, நீங்களும்தானே பாக்குறீக?"

அவர் கணக்குப்பிள்ளையை அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார். "அது ஒங்க கல்லும்மா. கற்பூரத்து மேல கைய வச்சிக் குடுத்தது. எடுக்காதீகன்னு சொல்ல எனக்கு வாயி கெடையாது. நீங்களா விட்டாத்தான் உண்டு."

நியாயமாகத்தான் சொன்னார். நியாயமாகச் சொன்னதால் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. நேரே போய் மேஸ்திரியைப் பிடித்தேன். எனக்குச் சித்தப்பா முறை. தெருவில் நல்லது கெட்டது எதற்கும் அவர்தான் முன்னால் நிற்பார்.

"ஏத்தா, மானுக்குத் தண்ணி குடுத்தா புண்ணியந்தான், யாரு இல்லைன்னா?" என்றார். "ஆனா நம்ம சனம் வெயில்ல ஒக்காந்து திங்குதே, அதுக்கு யாரு நெழலு குடுப்பா? ஊரு மண்டபத்துக்காரவுக குடுப்பாகளா?"

அந்த ஆத்திரத்தை வீட்டுக்கு வந்து கிடைத்த ஆளிடம் காட்டினேன். கிடைத்த ஆள் வீட்டுக்காரர்.

"நீங்க மாட்டேன்னு சொன்னா யாரு அந்தப் பாதையில வண்டிய எறக்குவா?"

"ஏ புள்ள, தெருவே எதிர்பாத்துக்கிட்டு இருக்கு. என் தங்கச்சி கல்யாணம் வேற. நா மாட்டேன்னு சொன்னா எங்காத்தா எனக்குச் சோறு போடுவாளா?"

"நாம் போடுறேன்."

"நீ போடுற சோத்தத்தான இப்பயுந் திங்கேன்," என்று சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. அவராகவே, "அன்னைக்கு அந்த மானு அந்த மூலையிலதான் ரொம்ப நேரம் நின்னுச்சு" என்றார். எந்த மூலை என்று நான் கேட்கவில்லை. அதோடு எழுந்து போய்விட்டார்.

பாதையை உடைக்கக் குறித்த நாள். காலையில் பாதையின் அடியில் தேங்காய் உடைத்துப் பொங்கல் வைத்தார்கள். கம்ப்ரசர்காரர்கள் அடிப்பகுதியில் வெடிக்கான குழிகளைப் போட்டு முடித்தார்கள். வெடி வண்டி மதியத்துக்கு மேல் வருவதாக ஏற்பாடு. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் பாதையின் தலைப்பில் இருக்கும் வேம்பின் நிழலில் வட்டமாக உட்கார்ந்தார்கள். நானும் கூண்டைப் பூட்டிவிட்டுத் தூக்குவாளியோடு போய் உட்கார்ந்தேன். கோபம்தான், ஆனால் சர்க்கரைப் பொங்கலை நான் எந்தக் கோபத்திலும் விட்டதில்லை.

பாதி சாப்பாட்டில் எதிரே இருந்தவர்களின் பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெட்டைமான். பக்கத்தில் புதிதாக ஒரு குட்டி, கால்கள் இன்னும் சரியாக நிற்கப் பழகாத குட்டி. தினமும் காலியாக இருக்கும் பாதையை இன்றைக்கு நாங்கள் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அது ஓடவில்லை. கொஞ்சம் தள்ளி உடை மரத்தோரம் நின்று, நாங்கள் எழுந்திருப்பதற்காகக் காத்திருந்தது. வெயில் கொதித்தது. குட்டி தாயின் வயிற்றுக்கு அடியில் நிழல் தேடி நுழைந்து நின்றது.

யாரும் மெல்லவில்லை. பந்தியில் இடம் கிடைக்காமல் பின்னால் நிற்கிறவர்களை எங்களுக்குத் தெரியும். சாப்பிடுகிறவரின் முதுகுக்குப் பின்னால், அவர் எப்போது இலையை மடிப்பார் என்று பார்த்துக்கொண்டு, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எங்கள் சனம் எத்தனையோ இடங்களில் அப்படி நின்றிருக்கிறது.

மேஸ்திரிச் சித்தப்பா தன் தூக்குச்சட்டியை மூடினார். "அடுத்த பந்தி வந்துருச்சு," என்றார் மெதுவாக. "எந்திரிங்கடா."

ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. சட்டியையும் செம்பையும் தூக்கிக்கொண்டு, சத்தம் வராமல், குனிந்தபடியே பொக்லைனுக்குப் பின்னால் போய் ஒதுங்கினோம். இத்தனை பெரிய ஆட்கள் கள்ளன் மாதிரி நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மான் வெகுநேரம் யோசித்துவிட்டுத்தான் வந்தது. குட்டி சரிவில் தடுமாறித் தடுமாறி இறங்கியது. போட்டு வைத்திருந்த வெடிக்குழி ஒன்றின் பக்கத்தில் அதன் கால் போனபோது என் வீட்டுக்காரர் "அய்யோ" என்று வாயைப் பொத்திக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. தாயும் குட்டியும் தண்ணீர் குடித்தன. அவை திரும்ப மேலே ஏறிப் பொட்டலுக்குள் மறைகிற வரைக்கும் நாங்கள் மிச்சச் சோற்றை நின்றுகொண்டே சாப்பிட்டோம்.

வெடி வண்டி வந்தது. மேஸ்திரி அதன் டிரைவரிடம், "இன்னைக்கு வேணாம்ப்பா. தெருவுல ஒரு வார்த்தை கேக்கணும்," என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். என் வீட்டுக்காரர் பாதையின் அடிக்குப் போய், கல் பொடியை அள்ளி வெடிக்குழிகளை ஒவ்வொன்றாக அடைத்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் மண்டபத்து வாசலில் கூட்டம். நடந்ததை மேஸ்திரி சொன்னார். கொஞ்சம்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. கல் நமது, எடுப்பதும் விடுவதும் நம் இஷ்டம், மான் போகிற வழியை அடைக்கவும் மனசு வரவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டார். பந்திக் கூடம் என்னாவது என்று சிலர் சத்தம் போட்டார்கள். போட வேண்டிய சத்தம்தான். எல்லோருடைய பார்வையும் கடைசியில் என் மாமியாரிடம் போய் நின்றது. உடனடியாகக் கூடம் தேவைப்பட்டது அவருக்குத்தான்.

அவர் என்னைத்தான் முறைத்தார். இதெல்லாம் நான் மூட்டிவிட்ட வேலை என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. "ஏன்டா, நீயும் பாத்தியா அந்தக் குட்டிய?" என்று மகனிடம் கேட்டார்.

"பாத்தேன்த்தா. நிக்கக்கூடத் தெரியல அதுக்கு."

மாமியார் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "என் வகுத்துல ஒண்ணு இருக்கப்ப, ஒரு வீட்டுப் பந்தியில பின்னாடி நின்னு நின்னு எனக்கு மயக்கமே வந்துருச்சு. யாரும் எந்திரிக்கல," என்றார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "சாமியானா போட்டுக்கிருவோம். ஆனா ஒண்ணு, எம்மக கல்யாணத்தன்னைக்கு மழை கிழை பெஞ்சுச்சு, அம்புட்டுத் தண்ணியையும் இந்தா இருக்காளே, இவ தலையிலதான் ஊத்துவேன்."

தெருவே சிரித்தது. பாதை தப்பியது. நான் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்மணியோடு நான் போட்ட அத்தனை சண்டையையும் அந்த நிமிஷத்தில் வாபஸ் வாங்கிக்கொண்டேன். மறுநாளே குழாயடியில் புதிதாக ஒன்று ஆரம்பித்தது, அது வேறு கதை.

பாதையைச் சும்மா விட்டால் வேறு ஆட்கள் லாரியை இறக்கிக் கல்லைத் திருடுவார்கள் என்று மேஸ்திரி பயந்தார். அதனால் பாதையின் வாயில் விலைபோகாத பெரிய ஒதுக்குக் கற்களை இடைவெளி விட்டு நிறுத்தினோம். மான் நுழையும், லாரி நுழையாது. விளிம்பை ஒட்டி முள் அடுக்கும் பழக்கத்தையும் விட்டோம். குழியிலிருந்து நன்றாகத் தள்ளி, தாண்டினாலும் மண்ணில் கால் ஊன்ற இடம் இருக்கிற மாதிரி, கல்லால் வரப்பு வைத்தோம். மூன்றாவதாக ஒன்றை முதலாளி தானாகவே செய்தார். தோண்டும்போது மேலே இருந்து எடுத்துக் குவித்த மண்ணும் உடைசலும் மேடு மேடாகக் கிடந்தன. "அதத் தூக்கி மொதக் குழியோட ஒரு மூலையில தள்ளி எறக்கம் போட்டுருங்க. டீசல் நான் போடுறேன்," என்றார். எந்த மூலையில் தள்ளுவது என்று என் வீட்டுக்காரர் யாரிடமும் கேட்கவில்லை. அந்த மான் வெகுநேரம் நின்ற மூலை அவருக்குத் தெரியும். அன்றைக்குத் துண்டு வாங்கிக்கொண்டு அள்ளிய பாதையை, இன்றைக்கு யாரும் துண்டு போர்த்தாமலே திரும்பப் போட்டுக் கொடுத்தார். நான்தான் வீட்டில் ஒரு துண்டை எடுத்துப் போர்த்தினேன். அது தலை துவட்டுகிற துண்டு என்று குறை சொன்னார்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். பாறையும் சூரை முள்ளும் போனது போனதுதான். கிரஷர் தூசி இன்னும் உடை மரங்களின் மேல் வெள்ளையாகப் படிகிறது. பக்கத்தில் அடுத்த குழிக்குக் கல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பிடுங்கியதில் ஒரு வழியை மட்டும் திருப்பிக் கொடுத்திருக்கிறோம். அதைக் கொடுக்க ஒரு தெரு தன் கூரையை விட்டுக்கொடுத்தது என்பதை நினைக்கும்போது, இந்த மனிதர்களுக்கு நடுவே பிறந்ததற்காக நான் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் நிற்கிறேன்.

ஐப்பசியில் நாத்தனார் கல்யாணம் நடந்தது. காலை முகூர்த்தம் வரைக்கும் வானம் சும்மா இருந்தது. பரிமாறிப் பரிமாறிக் கடைசிப் பந்தியில்தான் நான் இலை முன்னால் உட்கார்ந்தேன். சோற்றில் சாம்பாரை ஊற்றியதும் பிடித்தது மழை. எங்கள் வறண்ட பூமியில் வருஷம் முழுக்கக் கும்பிட்டாலும் வராத மழை, அன்றைக்குத்தான் வழி தெரிந்து வந்தது. சாமியானா நடுவில் தொப்பையாகத் தொங்கியது. மதுரைக்காரர்கள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் ஓடினார்கள். எங்கள் ஆட்கள் இலையைக் கையில் ஏந்திக்கொண்டு தூணோரம் ஒண்டினார்கள். யாரோ கம்பால் சாமியானாவைக் குத்தித் தூக்க, அவ்வளவு தண்ணீரும் ஓரமாகக் கொட்டியது. நான் நகரவில்லை. ஓடுவதற்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று உட்கார்ந்திருந்தேன்.

மாமியார் என்னை நோக்கி வருவது தெரிந்தது. பட்டுச்சேலை நனைந்து காலில் ஒட்டியிருந்தது. சொன்னபடி தலையில் ஊற்றத்தான் வருகிறார் என்று நினைத்து, ஊற்றட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். வந்தவர் என் பக்கத்தில் குனிந்து, பட்டு முந்தானையை விரித்து என் இலைக்கு மேல் பிடித்தார்.

"அத்தே, புதுச்சேலை," என்றேன்.

"தின்னு," என்றார். மழை அவர் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. குவாரி இருக்கும் திசையை ஒருதரம் பார்த்துக்கொண்டார். "அங்கயும் நல்லாப் பெய்யிதுல்ல? அந்தக் குட்டி இந்நேரம் வளந்துருக்கும். வெரசாத் தின்னு."